ஆறடி ஆளுக்கு இரண்டு மூங்கில்

நெஞ்சுவலிக்கு வைத்தியம் முடிந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து திண்டிவனம் வீட்டுக்கு வந்த அப்பா, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். எழுந்திருக்க மனசில்லை. "நாளைக்கு இன்னா கொழம்பு வெக்கட்டும்?" என்று அம்மா கேட்டால், "நாளைக்குன்னு ஒண்ணு இருந்தா பாக்கலாம்" என்பார். அவருடைய சைக்கிள் கடையை நான்தான் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டவாவது செய்வார் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

அவரைப் படுக்க வைத்தது வலி இல்லை, டாக்டர் சொன்ன ஒரு சொல். இனிமேல் ஏரியில் இறங்கக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமையானால் பனமலை ஏரியில் முழங்கால் சேற்றில் நின்று தூண்டில் போட்ட மனுஷன் அவர்.

அந்தச் சமயத்தில்தான் துபாயில் வேலை பார்த்த என் அத்தை மகன் லீவில் வந்தான். அப்பாவுக்கென்று ஒரு மீன்பிடி ரீலைக் கொடுத்துவிட்டுப் போனான். அதோடு சேர்ந்த கம்பு பெட்டிக்குள் நுழையவில்லை என்று அங்கேயே விட்டுவிட்டானாம். ரீலின் அட்டைப்பெட்டியில் ஒரு படம். வெள்ளைக்காரன் ஒருவன் கடற்கரை மணலில் நின்று, அலைக்கு அப்பால் ஈயக்குண்டை வீசுகிறான். பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி. அந்த நாற்காலிதான் என் கண்ணில் பட்டது. சேற்றில் இறங்கத் தேவையே இல்லை, மரக்காணம் கடற்கரையில் உட்கார்ந்தபடியே மீன் பிடிக்கலாம்! கம்பு மட்டும்தான் பாக்கி. படத்தில் கம்பு வில்லாக வளைந்திருந்தது. காய்ந்த மூங்கில் ஒடியும், பச்சை மூங்கில்தான் வளையும் என்று நானே முடிவு கட்டினேன். அந்த வயதில் என்னிடம் முடிவுகளுக்குப் பஞ்சமே கிடையாது.

அப்பாவிடம் சொல்லாமல், ரீலை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் மூங்கில் மண்டிக்குப் போனேன்.

"நல்ல பச்ச மூங்கிலா ரெண்டு வேணுங்க" என்றேன். ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கட்டுமே.

மண்டிக்காரர் பிடித்துக்கொண்டிருந்த பீடியைக் கீழே போட்டார். "ஆளு எவ்ளோ ஒயரம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

பிடிக்கிறவர் உயரத்துக்குத் தக்க கம்பு! தொழில் தெரிந்த மனுஷன் என்று வியந்துபோனேன். "எங்க அப்பாவுக்குத்தாங்க. ஆறடி இருப்பாரு."

"அப்பாவுக்கா? ஒடம்புக்கு இன்னா?"

"நெஞ்சுவலி. அதனாலதாங்க இதுக்கு வந்தேன்."

அவர் தலையை ஆட்டியபடியே இரண்டு மூங்கிலைத் தேடி எடுத்து, ஒன்பது அடியில் வெட்டிக் கொடுத்தார். பேரம் பேச நான் வாயைத் திறக்குமுன்பே விலையைக் குறைத்துவிட்டார். ஒரு கட்டுக் கயிற்றைச் சும்மாவே கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டரும் மூங்கிலைத் தன் கையாலேயே மேலே ஏற்றி, எனக்கு ஜன்னலோரச் சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார். நம்ம ஜில்லா ஜனங்களுக்கு என்ன நல்ல மனசு என்று நெகிழ்ந்துகொண்டே வந்தேன்.

திண்டிவனத்தில் இறங்கி, மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் பேஜார். எங்கள் பக்கத்தில் ஒருவன் இரண்டு பச்சை மூங்கிலும் கயிறுமாக வீட்டுக்கு வந்தால் அது பாடை கட்டத்தான். இது எனக்கும் தெரியாததல்ல. ரீல் மயக்கத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். தெரு மறக்கவில்லை. மளிகைக்கடைக்காரர் கதவைப் பாதி சாத்தினார். எதிர்வீட்டு அக்கா, தன் கோழி எங்கள் தோட்டத்தைக் கிளறியதில் தொடங்கி ஒரு வருஷமாக அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாதவள், தலையை விரித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"ஐயோ எண்ணே! உன்னாண்ட பேசாமயே உட்டுட்டனே! அந்தப் பாழாப்போன கோழிய நானே அறுத்துப் போட்டிருப்பனே!"

முறத்தோடு வெளியே வந்த என் அம்மாவைக் கட்டிக்கொண்டு அவள் அழ, எதற்கென்றே தெரியாமல் அம்மாவும் அழ ஆரம்பித்தாள்.

அப்போது உள்ளேயிருந்து அப்பா வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வாசல் பக்கமே எட்டிப் பார்க்காதவர், லுங்கியை இறுக்கிக் கட்டியபடி படியில் நின்றார்.

"யாருடா செத்துட்டது?"

அக்கா அழுகையை அப்படியே நிறுத்தினாள். "நீதாண்ணே" என்றாள்.

அப்பா மூங்கிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவசரமாக மஞ்சப்பையிலிருந்து ரீலை எடுத்து நீட்டினேன். "தூண்டிலுக்குப்பா. கடல்ல போடறதுக்கு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் அம்மா மறுபடி பயந்துபோனாள். "செத்தான்னு பேச்சு கெளம்புனா ஆயுசு கெட்டி" என்றார் மளிகைக்கடைக்காரர், கதவைத் திறந்துகொண்டே.

"பச்ச மூங்கில்ல எவன்டா தூண்டில் கட்டுவான்? வீசுனா நாய் வாலாட்டம் தொவளும்" என்றார் அப்பா. "கெளம்பு, நானே போய்ப் பாக்கறேன்."

அம்மா கெஞ்சிக் கூத்தாடி அவரை மறுநாள் காலைவரை நிறுத்திவைத்தாள்.

மண்டியில் அப்பா உள்ளே கெட்டியான காய்ந்த கல்மூங்கிலாகப் பார்த்து ஒவ்வொன்றாக உருவினார். அடியைப் பிடித்து ஒரு சுண்டு. நுனி ஆடிக்கொண்டே இருந்தால் தள்ளினார். ஆடவே இல்லையென்றால், "இது ஒலக்க" என்று தள்ளினார். சுண்டியதும் துள்ளி, உடனே அடங்குகிற கம்பு வேண்டும் அவருக்கு. மண்டிக்காரர் என்னை ஓரமாக இழுத்து, "அடக்கமெல்லாம் முடிஞ்சிதுங்களா? இவரு யாரு, பெரியப்பாவா?" என்றார்.

"இவருதாங்க அப்பா."

மண்டிக்காரர் அடுக்கியிருந்த மூங்கில் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸிலேயே என்னிடம் முழுக்கதையையும் கேட்டிருந்த அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஆறடில்லாம் இல்லீங்க. அஞ்சே முக்காதான். பையன் அளவ ஜாஸ்தியா சொல்லிட்டான்."

கடைசியில் பன்னிரண்டு அடியில் ஒன்று அவருக்குப் பிடித்தது. சைக்கிள் ஸ்போக்கை வளைத்து தூண்டில் நரம்பு ஓடுவதற்கு வளையம் கட்டினார். பழைய டியூபைக் கிழித்து ரீலை இறுக்கினார். இந்த வேலைக்காகக் கடைக்கு வந்தவர், நான் மாட்டியிருந்த சைக்கிள் செயின்களைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! பச்சை மூங்கில் இரண்டும் தோட்டத்தில் புடலைப் பந்தலுக்குப் போயின.

மரக்காணத்தில் முதல் வீச்சு எங்களுக்குப் பின்னால் மணல்மேட்டில் விழுந்தது. அடுத்தது முதல் அலையோடு நின்றது. மதியத்துக்குள் ஈயக்குண்டு அலையைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. அவருக்கென்று கொண்டுபோன நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன், அவர் உட்காரவே இல்லை. சாயங்காலம் ஒரே ஒரு கிழங்கான் மாட்டியது, ஒரு சாண் நீளம்.

அதை அப்பா எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இந்தாம்மா. நீ எனக்கோசரம் அழுததுக்கு."

அக்கா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவ்ளோ அழுவைக்கு ஒத்தக் கிழங்கானாண்ணே?"

"நாளைக்கு இன்னும் ரெண்டு கொண்டாறேன்" என்றார் அப்பா.

எங்கள் வாசலில் விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மா தீக்குச்சியை அணைக்க மறந்து விரலைச் சுட்டுக்கொண்டாள். "நாளைக்குன்னாருடா" என்றாள் என்னிடம்.