பெயர் சொல்லாத ஜெபம்

எங்கள் சபையில் ஜெபக் குறிப்புச் சொல்லும்போது பெயர் சொல்வதில்லை. "குடியில சிக்கியிருக்க ஒரு சகோதரன்", "சமாதானம் இல்லாத ஒரு குடும்பம்" என்ற அளவோடு நிறுத்திக்கொள்வோம். பெயர் ஆண்டவருக்குத் தெரியும், நமக்கெதற்கு என்கிற நாகரிகம். கண்ணை மூடிய கையோடு ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம் என்பது வேறு விஷயம். எங்கள் அல்லிநகரத்தில் யார் வீட்டில் சண்டை என்று தெரியாமல் இருக்க வேண்டுமானால் காது கேட்காமல் இருக்க வேண்டும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். கணவர் இறந்துவிட்டார், மகள் வெளிநாட்டில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடும் அந்த ஜெபக்கூட்டம்தான் எனக்கு வாய்த்த சொந்தபந்தம். மற்ற நாட்களில் பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்தால், காலையில் காப்பி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

பரிணாமப் பாடம் வரும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் என்னைக் கிண்டலடிப்பார்கள். "ஆதாம் ஏவாள் ஆளு நீங்க, குரங்குப் பாடத்த எப்பிடி நடத்துறீக?" என்பார் கணக்கு வாத்தியார். நன்றாகவே நடத்துகிறேன். வேதத்தின் முதல் அதிகாரத்தில், உயிர்களைப் பிறப்பிக்கும்படி கடவுள் பூமிக்கே கட்டளை கொடுக்கிறார். பூமி அந்த வேலையை எப்படிச் செய்தது, எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதைத்தான் நான் கரும்பலகையில் எழுதுகிறேன். கோடிக்கணக்கான வருடம் பொறுத்திருந்து என்னை உண்டாக்கியவர் என்று நினைக்கும்போது எனக்குப் பக்தி கூடுகிறதே தவிர குறையவில்லை. இதைச் சொன்னால் ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள். சபையில் சிரிக்க மாட்டார்கள். அதனால் இரண்டு இடத்திலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் சபையில் நான் நடத்தும் ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமி, டைனோசரை ஆண்டவர் எந்த நாளில் படைத்தார் என்று என்னிடம் கேட்டாள். அந்த நாள் நம்முடைய இருபத்து நாலு மணி நேர நாளாக இருக்க வேண்டியதில்லை என்றேன். மனிதனும் அந்த நீண்ட வரிசையில் வந்தவன்தான் என்றும் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு, பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நாளில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு புதுக் குறிப்பு வந்தது. "சத்தியத்த விட்டு விலகிப்போன ஒரு சகோதரி" என்றார் கூட்டத்தை நடத்தும் பாஸ்டரம்மா. எனக்கு ஆள் பிடிபடவில்லை. வாராவாரம் அவளுக்காக ஜெபித்தோம். யாரோ பாவம், வீட்டில் பேச ஆளில்லாமல் இப்படி ஆகிவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்கு அவள்மேல் பாசமே வந்துவிட்டது. ஒரு வெள்ளியன்று காலையிலிருந்து பட்டினி கிடந்து, கூட்டத்தில் முழங்காலில் நின்று, "அவளத் தனியா விட்ராதீங்க ஆண்டவரே" என்று வாய்விட்டு அழுதேன்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே உங்களுக்காக அழுததப் பாத்து எங்களுக்கெல்லாம் கண்ணு கலங்கிருச்சு டீச்சர். பாதி மனந்திரும்பிட்டாகன்னு பாஸ்டரம்மா சொன்னாக. அடுத்த வாரம் எல்லாரு முன்னாடியும் எந்திரிச்சு சாட்சி மட்டும் சொல்லிருங்க, அந்தப் பாடத்த நான் நம்பலன்னு. முடிஞ்சுபோச்சு."

வீட்டுக்கு வந்து விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. இத்தனை பேர் இத்தனை வாரம் எனக்காக மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட, "பிள்ளைககிட்ட என்ன சொன்னீக டீச்சர்?" என்று என்னிடம் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஒரே ஒரு பொய் சொன்னால் வெள்ளிக்கிழமைகள் எனக்குத் தங்கும். சொல்லிவிடலாம் என்றுதான் அந்த வாரம் முழுவதும் நினைத்தேன்.

அடுத்த கூட்டம் அந்தத் தோட்டக்காரர் வீட்டிலேயே நடந்தது. கொடியில் சாம்பல் நோய் வந்திருக்கிறது, போன வருடம் கேட்ட மருந்து இந்த வருடம் கேட்கவில்லை, அதற்காக ஜெபிக்க வேண்டும் என்றார் அவர். பிறகு பாஸ்டரம்மா என்னைப் பார்த்து, "டீச்சர் சாட்சி சொல்லுவாக" என்றார். எழுந்தேன். மனதில் தயாராக வைத்திருந்தது பொய்தான். வாயில் வந்தது வேறு.

"மருந்துக்குத் தப்பிச்ச பூசணம்தாண்ணே பெருகியிருக்கு. அதான் இந்த வருசம் மருந்து கேக்கமாட்டேங்குது. அது என் பாடம். அந்தப் பூசணத்தையும் நம்மளையும் உண்டாக்குனவரு ஆண்டவரு. அது என் விசுவாசம். ரெண்டுல ஒண்ண விடச் சொன்னா எனக்கு விடத் தெரியல."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. சுக்குக் காப்பி வந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

கூட்டம் யார் வீட்டில் என்று வியாழக்கிழமையே வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிடும். அந்த வாரம் வரவில்லை. பார்த்தால், குழுவிலிருந்தே என்னை எடுத்திருந்தார்கள். இருந்தாலும் வெள்ளிக்கிழமை முகம் கழுவி, சேலை மாற்றி, வேதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருத் தெருவாக நடந்தேன். எங்கள் ஆட்களுக்கு மெதுவாகப் பாடத் தெரியாது, ஒரு சந்து முனையில் சத்தம் கேட்டுவிட்டது. வாசலில் கிடந்த செருப்புகளோடு என் செருப்பையும் விட்டுவிட்டு உள்ளே போனேன். பாட்டு நிற்கவில்லை. யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவும் இல்லை. கதவோரம் நின்றபடியே நானும் சேர்ந்து பாடினேன்.