அம்மா படியிறங்கி வந்த நாள்

கையில் 'ஆயில் சீல்' என்கிற ரப்பர் வளையம் ஒன்றை வைத்துக்கொண்டு அம்மா திகைத்து நின்ற காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாமக்கல்லில் எங்களுக்கு லாரி உதிரிபாகக் கடை. அப்பா இறந்த பிறகு அதைத் தனியாக நடத்தியவள் அம்மா. டிரைவர் வாயைத் திறப்பதற்குள் எந்த வண்டி, என்ன மாடல் என்று கேட்டுவிட்டு, எந்த அடுக்கில் எந்தப் பெட்டி என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கை காட்டுவாள். அன்றைக்கு அந்த ரப்பர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னது சாமி?" என்று என்னிடம் கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது.

கோயம்புத்தூர் டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு, வயதாகும் முன்பே சிலருக்கு வரும் மறதி நோய் என்றார். குணமாகாது, மெல்ல மெல்லக் கூடும் என்றார். அம்மா கேட்டது ஒரே கேள்வி. "என்ற பொண்ணுக்கும் வருமுங்களா?" சில குடும்பங்களில் வருவதுண்டு, இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

பெரியப்பா செய்தியைக் கேட்டதும் முதலில் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். "புள்ளைக்குக் கல்யாணம் முடியற வரைக்கும் இது வெளிய தெரியக் கூடாது" என்றார். திருச்செங்கோட்டிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அவர்கள் உறுதி செய்ய வரும் நாளில், காய்ச்சல் என்று சொல்லி அம்மாவை மாடியறையில் படுக்க வைத்துவிடுவதாக ஏற்பாடு. நானும் தலையாட்டினேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது.

வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா படியிறங்கி வந்தாள். புதுப்புடவை கட்டியிருந்தாள். ஒரு காதில் மட்டும் தோடு இருந்தது. கூடத்தின் நடுவில் நின்று கும்பிட்டாள்.

"எனக்குக் காய்ச்சல் எல்லாம் இல்லீங்க. மறதி நோயி. இன்னும் கொஞ்ச வருசத்துல என்ற பொண்ணையே எனக்கு அடையாளம் தெரியாமப் போயிருமாமுங்க. பின்னாடி அவளுக்கு வந்தாலும் வரலாம், வராமயும் போலாம். தெரிஞ்சு கட்டிக்கிட்டா சந்தோசமுங்க. மறைச்சு வெச்சு என்ற புள்ளையக் குடுக்க மாட்டேன்."

"உள்ள போம்மா" என்று பெரியப்பா அதட்டினார்.

"இது என்ற ஊடுங்க" என்றாள் அம்மா.

வந்தவர்கள் மரியாதையாகவே எழுந்து போனார்கள். நாலாம் நாள், ஜாதகம் சரியாக வரவில்லை என்று போனில் சொன்னார்கள். ஒரு வாரம் நான் அம்மாவோடு பேசவில்லை. நடந்ததையே மறந்துவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். எட்டாம் நாள் எனக்குச் சாதம் போட்டுக்கொண்டே, "பொய் சொல்லிக் கட்டிக் குடுத்திருந்தா, என்னைய எத்தன வருசம் மாடியில வெச்சிருப்பீங்க?" என்றாள்.

மறுநாள் கடைக் கல்லாவுக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது. அம்மாவின் கையெழுத்து. "எனக்கு மறதி நோய் இருக்கிறது. மறந்தால் இன்னொரு தரம் சொல்லுங்கள்." பெரியப்பா வந்து கழற்றினார். அவள் இன்னொன்று எழுதினாள். அதையும் கழற்றினார். மூன்றாவதை நான் எழுதி, ஆணியடித்து மாட்டினேன். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். டிரைவர்கள் பலர் போகவில்லை. என்ன வேண்டும் என்று அம்மா மூன்று தரம் கேட்டாலும், "கிளட்ச் பிளேட்டுங்கக்கா" என்று மூன்று தரமும் சொன்னார்கள். மேலும் நான்கு வருடங்கள் அவள் அந்தக் கல்லாவில் உட்கார்ந்தாள்.

இப்போது கடை என் பொறுப்பு. அம்மாவிடமிருந்து பெயர்கள் எல்லாம் போய்விட்டன. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பேச்சு வந்தால் நான் சொல்லும் முதல் வாக்கியம் அம்மாவைப் பற்றியதுதான். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

போன மாதம் பரமத்தி வேலூரில் பெரியப்பாவின் பேத்திக்குக் கல்யாணம். மண்டபத்தில் அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்தேன். பெரியம்மா என் காதருகே குனிந்து, "எல்லாரும் பாக்கறாங்க சாமி. பின்னாடி ரூம்ல உக்கார வெச்சுரலாமா?" என்றார்.

"பாக்கட்டுங்க பெரீம்மா. அம்மா இங்கதான் உக்காருவாங்க." என் குரல் ஓங்கிவிட்டது. சில தலைகள் திரும்பின.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஆருங்க?"

"உங்க பொண்ணும்மா."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பறம் எதுக்கு நிக்கறீங்க? உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். கெட்டிமேளம் கொட்டியபோது இருவரும் முன்வரிசையிலிருந்தே அட்சதை போட்டோம்.