மல்லிகா கடை வாசலில் ஒரு பறை

எங்கள் வீட்டு ஹார்மோனியத்துக்கு ஆஸ்துமா. துருத்தியை அமுக்கினால் பாட்டுக்கு முன்னால் மூச்சு வரும். போதாக்குறைக்கு இரண்டு ரீட் ஊமை. மூன்று வாரத்துக்கு முன் அதைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

கடலூரில் இசைக்கருவிக் கடை இல்லையா? இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் குமரவேலின் கடை. அவரேதான் என்னைத் துரத்தினார்.

"ஹார்மோனியம்னா எங்க அக்காகிட்டதான் சார் போவணும். எனக்கு கிடாரு, கீபோர்டு இதுங்கதான் கை வரும்."

அக்கா என்றால் மல்லிகா. அப்பா தெய்வசிகாமணி ஆரம்பித்த கடையைச் சிதம்பரத்தில் அவர் நடத்துகிறார். தெற்கு வீதியிலிருந்து பிரியும் தெருவொன்றில், எதிரும் புதிருமாக இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய இடம்.

நான் போனபோது கடையில் ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். வசுமதி டீச்சர். ஊரில் பாதிப் பெண் குழந்தைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுத்தவர். என் நண்பர் மகளும் அவரிடம்தான் ஆடினாள். அதனால் என்னைத் தெரியும். அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கும் அதிர்ந்து பேசவில்லை.

"முப்பது பிள்ளைங்களுக்கு சலங்கை பூஜை வச்சிருக்கேன் மல்லிகா. எப்பவும் போல உங்கிட்டதான் வாங்கணும்னு வந்தேன். அத மட்டும் உள்ள எடுத்து வச்சிடும்மா."

எதை? நிமிர்ந்து பார்த்தேன். வாசல் நிலைக்கு மேலே வரிசையாக ஆணிகள். ஒன்றில் வெண்கல மாட்டு மணிகள். ஒன்றில் சலங்கை. ஒன்றில் கஞ்சிரா. நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, வட்டமாக... ஒரு பறை.

"எதுக்குங்க டீச்சர்?"

"உனக்குத் தெரியாதா? சாவுக்கு அடிக்கிறது. நல்ல காரியத்துக்கு சலங்கை வாங்க வர்றோம், வாசல்லயே அது தொங்குது. பெத்தவங்க முகம் சுளிக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் வித்தியாசம் இல்ல..."

இந்த 'எனக்கு ஒண்ணும் வித்தியாசம் இல்ல' இருக்கிறதே! நம் ஊரில் எல்லா வித்தியாசமும் இந்த வாக்கியத்துக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

மல்லிகா கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி சலங்கையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது எதுல தைச்சிருக்குதுங்க?"

"தோல்ல."

"மிருதங்கத்துக்கு மூட்டறது எதுங்க?"

"அது வேற மல்லிகா."

"எப்படிங்க டீச்சர் வேற?"

பதில் இல்லாதபோது மனிதர்கள் சாட்சி தேடுவார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார். பேப்பர்ல எல்லாம் எழுதறீங்க. இது சரியா?"

என்ன சொன்னேன் தெரியுமா? வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு நியாயம் பேசுகிறவன், கையிலிருந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: "மல்லிகாம்மா, இந்த ஹார்மோனியம் எப்ப ரெடியாகும்?"

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். இருவர் பார்வையிலும் வித்தியாசமே இல்லை.

"எடுக்க முடியாதுங்க டீச்சர்" என்றார் மல்லிகா. "பெத்தவங்க கேட்டா எங்கிட்ட அனுப்புங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்."

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். முப்பது ஜோடி சலங்கையும் அவரோடு இறங்கிப்போயின.

மல்லிகா என் ஹார்மோனியத்தைப் பிரித்துத் துருத்தியை வெளியே எடுத்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. பசை தடவிக்கொண்டே, நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"மேல அந்த மாட்டு மணி தொங்குதே, அது எதுக்குன்னு கேட்டிருக்கீங்களா சார்?"

கேட்டதில்லை. அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

தெய்வசிகாமணிக்குக் கீரப்பாளையம் பக்கம் விவசாயக் குடும்பம். பங்கு பிரித்ததில் வந்த நிலம் வீட்டுக்கே பற்றவில்லை. மாட்டு மணியும் மூக்கணாங்கயிறும் வாங்கிச் சந்தை சந்தையாக விற்றிருக்கிறார். ஸ்ரீமுஷ்ணம் தேருக்கு ஒருமுறை கடை போட்டபோது நாட்டியம் ஆடும் அம்மாள் ஒருத்தி வந்தாளாம். கன்றுக்குட்டி மணி ஒரு சரத்தை எடுத்து, காதோரம் வைத்துக் குலுக்கி, "இதவிட சின்னதா, எல்லாம் ஒரே சத்தமா கெடைக்குமா?" என்று கேட்டாளாம்.

மனிதருக்குப் பாட்டு தெரியாது, தாளம் தெரியாது. ஆனால் காது இருந்தது. கும்பகோணம் போய் மணி வார்ப்பவரோடு ஒருநாள் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு மணியாகக் குலுக்கிப் பொறுக்கிக்கொண்டு வந்தார். சலங்கை விற்றது. சலங்கையிலிருந்து ஜால்ரா. ஜால்ராவிலிருந்து ஹார்மோனியம். ஹார்மோனியம் பழுது பார்க்கத் தானே பிரித்துத் தானே கற்றுக்கொண்டார். ஒருநாள் சிதம்பரத்தில் இந்தக் கடையைத் திறந்து, நடுவில் ஒரு வீணையைப் படுக்க வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். தெருவே வாய்விட்டுப் பேசியது. மாட்டுக்கு மணி வித்தவன் வீணை விக்க வந்துட்டான்!

"வீணை வாங்க வந்த ஒருத்தரு, அப்பா கையால எடுத்துக் குடுத்ததும் தொடைச்சிட்டு வாங்குனாரு சார். நான் பாத்திருக்கேன், எனக்கு அப்ப பத்து வயசு. அந்த மணியெல்லாம் எறக்கிடுப்பா, கடைக்கு மதிப்பு வரும்னு வேண்டியவங்களே சொன்னாங்க. அப்பா என்னா சொன்னாரு தெரியுமா? 'மாடு ஒரு நாளும் எஞ்சரக்க குத்தம் சொன்னதில்ல. மனுஷந்தான் சொல்றான். நான் யாரு பேச்ச கேக்கறது?'"

சொல்லிவிட்டு மல்லிகாவே சிரித்தார்.

அப்பா போனபிறகு கடையில் இவர் உட்கார்ந்தார். அப்போது வேறு பிரச்னை. வருகிறவர்கள் எல்லாம் தலையை நீட்டி, "கடையில ஆம்பள யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். மல்லிகா சளைக்கவில்லை. "இருக்குதுங்க. தம்புராவுல ஆம்பள சுருதி ஒண்ணு இருக்குது, பொம்பள சுருதி ஒண்ணு இருக்குது. எது வேணும்?"

சரி, பறை எப்படி வந்தது?

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கல்லூரிப் பெண் வந்தாளாம். பெயர் கீர்த்தனா. பறை இருக்கிறதா என்று கேட்டாள். "நாங்க வைக்கறதில்லம்மா" என்று மல்லிகாவும் எல்லாக் கடைக்காரர்களையும் போலத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"சீனாவுலேர்ந்து வந்த கீபோர்டு இருக்குது. ஸ்பெயின்லேர்ந்து வந்த கிடாரு இருக்குது. கீரப்பாளையத்துலேர்ந்து வர்ற பறை இல்லையாங்க?"

"சுருக்குனு இருந்துச்சு சார்" என்றார் மல்லிகா. "எங்கப்பாவும் கீரப்பாளையத்துலேர்ந்து வந்தவருதான. அவர தொடைச்சிட்டு வாங்கினப்ப எனக்கு வலிச்சுது. அதே வேலைய நான் இத்தினி வருஷமா, தொடைக்காமயே செஞ்சினு இருந்திருக்கேன்."

யார் செய்து தருவார்கள் என்று கேட்டார். "எங்கப்பாதான்" என்றாள் கீர்த்தனா.

அடுத்த வாரம் அவள் அப்பா மாயவன் வந்தார். வண்டியின் பின்சீட்டில், வேட்டியில் சுற்றிக் கட்டிய ஒரு பறை. மல்லிகா அதை வாங்கி, தட்டிப் பார்த்து, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வைக்கப் போனார். மாயவன் கையை நீட்டித் தடுத்தார்.

"வெளிய மாட்டறதுன்னா குடுக்கறேம்மா. உள்ள வச்சி, கேக்கறவங்களுக்கு மட்டும் எடுத்துக் காட்டறதுன்னா வேணாம். நான் எடுத்துனு போறேன்."

ஒரு நிமிஷம் யோசித்ததாக மல்லிகா ஒப்புக்கொண்டார். அப்புறம் ஸ்டூலைப் போட்டு ஏறி, நடு ஆணியிலிருந்த டோலக்கைக் கழற்றிவிட்டு, அதில் பறையை மாட்டினார். மாயவன் தெருவில் நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாராம்.

இவர் சொல்லி முடிக்கவும் போன் அடித்தது. கையெல்லாம் பசை. ஸ்பீக்கரில் போட்டார். கடலூரிலிருந்து தம்பி குமரவேல்.

"அக்கா, டீச்சர் இப்பதான் எனக்கு போன் பண்ணாங்க. உனக்கு என்னா ஆச்சு? ஒரு ஆணிதானக்கா? ரெண்டடி உள்ள தள்ளி மாட்டிடேன்."

"வாக்கு குடுத்திருக்கேன்டா."

"யாருக்கு?"

"செஞ்சவருக்கு."

"ஜால்ரா வாங்கற பஜனக் கோஷ்டியும் வர மாட்டாங்களாம். எல்லாரையும் மொறச்சிக்கினு கட நடத்த முடியுமாக்கா?"

"அப்பா நடத்தல?"

மறுமுனையில் போன் வைக்கப்பட்ட சத்தம். மல்லிகா திரும்பவும் பசையைத் தொட்டார். தடவிய மடிப்பிலேயே மறுபடி தடவினார். பயப்படாதவர் என்று நினைக்காதீர்கள். பயந்துகொண்டேதான் அந்தப் பறையைக் கழற்றாமல் இருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் வசுமதி டீச்சருக்குப் பிரமாதமான பதில்கள் ஏழெட்டு எனக்குத் தோன்றிவிட்டன. ஒன்றைவிட ஒன்று கூர்மை. நம்மில் பலருடைய வீரமே இப்படித்தான்... பஸ் கிளம்பிய பிறகு வரும்.

அடுத்த வாரம் ஹார்மோனியத்தை வாங்கப் போனேன். மூச்சிரைப்பு போய், கணீரென்று பாடியது. வாசலில் பறை அதே இடத்தில். சலங்கை ஆர்டர் வேறு ஊர்க் கடைக்குப் போய்விட்டிருந்தது. பஜனைக் கோஷ்டி சொன்னபடியே வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் காலையில் முகம் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கதையில் வருவது போல யாரும் மனம் மாறி வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

"நஷ்டம்தானம்மா?" என்றேன்.

"அதுக்கா சார் மாட்டினேன்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

போன செவ்வாய்க்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் மார்க்கெட்டுக்குப் போனவன், குமரவேல் கடையைத் தாண்டும்போது நின்றேன். கிடார்கள் வரிசையாகத் தொங்கும் வாசலில், அவற்றுக்கு முன்னால்... ஒரு பறை!

உள்ளே போய், "என்ன குமரவேல், ரெண்டடி உள்ள தள்ளி மாட்டலையா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒருத்தரு வந்தாரு சார். பழைய கஸ்டமர். ஒங்க அக்காவுக்கு மாட்டு மணி வித்த புத்தி போவல பாருன்னாரு. அக்காவ சொல்லல சார், எங்கப்பாவ சொல்றாரு. எங்கடையிலயே நின்னுனு! அன்னிக்கே கடைய சாத்திட்டு கீரப்பாளையம் போயிட்டேன்."

மாயவன் உடனே கொடுத்துவிடவில்லையாம். "கோவத்துல மாட்டறீங்களா, ஆசப்பட்டு மாட்டறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொய் சொல்ல முடியல சார். இப்போதைக்கு கோவம்தான்னேன். 'கோவம் எறங்குனா அதோட இதையும் எறக்கிடுவீங்களே'ன்னாரு. எறக்க மாட்டேன்னேன். ரொம்ப நேரம் என்னையே பாத்தாரு. அப்புறந்தான் குடுத்தாரு. சாயங்காலம் அக்காவுக்கு போட்டோ அனுப்புனேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"கோணலா மாட்டிருக்கே, நேரா மாட்டுன்னாங்க" என்றார் குமரவேல். திரும்பிக்கொண்டு, நேராகவே தொங்கிய பறையை மறுபடி நேராக்கினார்.

சிதம்பரத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது அப்போது உறைத்தது. "இன்னொண்ணு இருக்குதா?" என்றேன். இருந்தது. இரண்டு குச்சியும் சேர்த்துக் கொடுத்தார். கீர்த்தனா ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் வந்து கற்றுத் தருகிறாள் என்ற தகவலும் கிடைத்தது. பெயர் கொடுத்துவிட்டேன். வகுப்பில் தலை நரைத்தவன் நான் ஒருத்தன்தானாம்.

பறையைப் பையில் போடவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு, தெரு நடுவில் நடந்து வந்தேன். மாடி வீட்டுக்காரர் கேட் அருகிலேயே பிடித்துக்கொண்டார். ரிடையர்டு அதிகாரி. அமைதி விரும்பி.

"என்ன சார் இது! வீட்டுக்குள்ளயா கொண்டு போறீங்க? இதெல்லாம் உங்களுக்கு அடிக்கத் தெரியுமா?"

இந்தத் தடவை பஸ் கிளம்பும்வரை நான் காத்திருக்கவில்லை.

"தெரியாது சார். அதனாலதான் கொஞ்ச நாளைக்கு சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கும்!"