விசில் ஊதாத ஒன்றரை மணி நேரம்

ஆபீசில் இருந்த காலத்தில் அவளுக்குப் பூச்சியக்கா என்று பெயர். யாருடைய புரோகிராம் மக்கர் பண்ணினாலும் சரி, உள்ளே புகுந்து, 'பக்' என்று சொல்லும் அந்தப் பிழைப் பூச்சி எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது என்று பிடித்து வெளியே போட்டுவிடுவாள். அதெல்லாம் நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. "ஆறே மாசம் சார், வந்துடுவேன்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஆறு மாசமாவது, மண்ணாவது!

அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மகளைக் கூப்பிடத் தொண்டையைச் செலவழிக்க மாட்டார்; தலையணைக்கடியில் பழைய விசில் இருந்தது. ஒரு விசில் என்றால் தண்ணீர். இரண்டு விசில் என்றால், பஸ்ஸில் மாதிரியே, போகணும். இவள் ஓடிப்போய்த் தோள் கொடுத்துப் பாத்ரூமுக்கு நடத்திக்கொண்டு போவாள்.

அவள் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. நாலு வருஷத்தில் ஒன்பது ஆன்லைன் கோர்ஸ் முடித்தாள். வீடியோவில் வாத்தியார் ஒரு வரி எழுதினால் இவளும் ஒரு வரி எழுதுவாள். அவர் சொல்லச் சொல்ல விரல்கள் பறக்கும். வீடியோவை நிறுத்திவிட்டுத் தானாக எழுத உட்கார்ந்தால்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து விசில் கேட்கும். போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி வீடியோவைப் போட்டுக்கொள்வாள்.

"எங்கப்பா விட்டாத்தானேடி நான் உருப்படுவேன்? விசில் சத்தமே இல்லாம ஒரு ஒன்றரை மணி நேரம் கிடைக்கட்டும், அப்புறம் பாரு நான் யாருன்னு" என்று பழைய ஆபீஸ் தோழியிடம் போனில் புலம்புவாள். பக்கத்து அறையில் அவருக்குக் கேட்காதா? கேட்கும். கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். இதை மறைப்பானேன்?

அந்தத் தோழிதான் தன் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பரீட்சைக்கு ஏற்பாடு செய்தாள். நாலு வருஷம் வீட்டில் இருந்தவளை வேறு எவனும் கூப்பிடப் போவதில்லை. வீட்டிலிருந்தே எழுதலாம். ஒன்றரை மணி நேரம் காமிரா முன்னால் உட்கார வேண்டும். நடுவில் எழுந்து போனால் அத்தோடு சரி.

அன்று காலை அப்பாவுக்கு எல்லாம் முடித்துப் படுக்க வைத்தாள். அவர் விசிலை எடுத்து நீட்டினார்.

"இத நீயே வச்சுக்க."

"எதுக்குப்பா? அவசரம்னா ஊதுங்க."

"கிட்ட இருந்தா ஊதிடுவேன்மா. முப்பது வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்காது. நீ போ. ரைட், ரைட்!"

இருவரும் சிரித்தார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுக்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அட, வாத்தியாரோடு சேர்ந்து மூன்று தடவை எழுதியதுதான்! முதல் வரியை எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அடுத்து என்ன என்று சொல்ல ஒரு குரல் இல்லை. இருபது நிமிடம் போயிற்று. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. விசில் வராதா, எழுந்து ஓட மாட்டோமா என்று அவள் மனசு ஏங்கியது. விசிலோ மேஜைமேல் அவள் பக்கத்திலேயே கிடந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவள்தான், பாவி. மறந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ளத்தான் நாலு வருஷமாகத் தைரியம் வரவில்லை. அழக்கூட முடியாது, காமிரா பார்த்துக்கொண்டிருந்தது. நேரம் முடிந்து திரை தானாக மூடிக்கொண்டபோது அதில் ஏழு வரி இருந்தது. ஏழும் ஓடாது.

அப்பாவின் அறைக்குள் நுழைந்ததுமே வாடை அடித்தது. போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. நீ போன அரை மணியிலேயே வந்துடுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பார்த்தேன், முடியல."

"கத்திக் கூப்பிட்டிருக்கலாமேப்பா!"

"கூப்பிட்டா நீ எழுந்திருச்சு வந்துடுவியே." முகத்தைத் திருப்பினார். "அதை விடு. எழுதிட்டியா?"

ஈரப் போர்வையைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஒரு மணி நேரம் அந்த ஈரத்திலேயே கிடந்த மனுஷனிடம் எந்த வாயால் இல்லை என்று சொல்வது?

"எழுதிட்டேன்ப்பா. நல்லாவே."

"பார்த்தியா!" அவர் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "அப்போ நாலு வருஷமா நான்தான் உன்னைக் கெடுத்திருக்கேன்."

"ஐயோ, இல்லப்பா. நீங்க இல்ல. சத்தியமா நீங்க இல்ல."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவள் போர்வையை மாற்றி, உடம்பைத் துடைத்துவிட்டு, விசிலைக் கொண்டுவந்து தலையணைக்கடியில் வைத்தாள். அவர் அதைத் தடவி எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேலைக்குப் போற பொண்ணு. இனிமே நான் ஊத மாட்டேன்."