தொள்ளாயிரம் வினைச்சொல் அட்டைகள்

ஆங்கில வினைச்சொற்களைப் போல அடங்காத ஜன்மங்களை நான் கண்டதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், டெல்லி மயூர் விஹாரில் எங்கள் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில், மூன்று வாரம் அவற்றோடு மல்லுக்கட்டினேன். தரியாகஞ்சில் ஒரு சின்னப் பதிப்பகம் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆங்கில வினைச்சொல் கையேடு போடவிருந்தது. அங்கிருந்த எடிட்டர் அம்மாள் என்னிடம் ஒரு மூட்டை அட்டைகளைக் கொடுத்தார். அட்டைக்கு ஒரு வினைச்சொல். எந்தச் சொல் எந்த மாதிரி வாக்கியம் அமைக்கிறது என்று பார்த்து, இருபத்தைந்து வகையாகப் பிரித்துக் கொண்டுபோக வேண்டும். சொன்ன திங்கட்கிழமைக்குள் சரியாக முடித்தால் உதவி எடிட்டர் வேலை எனக்கு. ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்துவிட்டுப் பத்து வருஷமாக இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது எப்பேர்ப்பட்ட வார்த்தை!

'ஸ்லீப்' மாதிரி தன்பாட்டுக்குத் தனியாக நிற்பவை ஒரு குவியல். 'கிவ்' மாதிரி ஆளையும் பொருளையும் சேர்த்துக் கேட்பவை இன்னொன்று. 'எக்ஸ்ப்ளெய்ன்' அதற்குக் கூடப்பிறந்தது போலவே இருக்கும். ஆனால் "எக்ஸ்ப்ளெய்ன் மீ" என்று டெல்லி முழுக்கச் சொன்னாலும் நடுவில் 'டு' இல்லாமல் ஆங்கிலம் ஒப்புக்கொள்ளாது. 'மேக்' இருக்கிறதே, அது ஐந்து இடத்தில் உட்காரும். அதற்காகவே ஐந்து அட்டை எழுதினேன். காலையில் எட்டாம் குவியலில் வைத்ததைச் சாயங்காலம் பதினாலுக்கு மாற்றுவேன். மண்டை காய்ந்துவிடும். இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்ததால் அட்டைகளில் எண் எழுதவில்லை. குவியலின் மேல் மட்டும் எண் போட்ட துண்டுச் சீட்டு. கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

கடைசி ஞாயிறன்று குவியல்கள் முன்னறைத் தரை முழுக்கப் பரப்பிக் கிடந்தன. கோல் மார்க்கெட்டில் தோழியின் மகளுக்கு வளைகாப்பு. காலையில் போனவள் நாலு மணிக்குத்தான் திரும்பினேன். தரை பளிச்சென்று பெருக்கியிருந்தது. ஒரு அட்டையைக்கூடக் காணோம்.

என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கோப்புகளைச் சீராக வைப்பதில் நல்ல பெயர் எடுத்தவர். முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு செருப்புப் பெட்டிகளை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"ஏ டு இஸட் அடுக்கிட்டேன். இனிமே எந்த வார்த்தை வேணும்னாலும் ஜல்தி எடுத்துடலாம்."

இரண்டு பெட்டியையும் திறந்து கிளறினேன். "நம்பர் சீட்டெல்லாம் எங்கங்க?"

"அதையும் விடல. ஒண்ணுலேருந்து இருபத்தஞ்சு வரைக்கும் வரிசையா டேக் போட்டுக் கட்டி வச்சிருக்கேன். அப்புறம், ஒரே பேர்ல நாலஞ்சு இருந்துச்சு. டூப்ளிகேட் எல்லாம் கிழிச்சுப் போட்டுட்டேன்."

அட தெய்வமே! கரடியாய்க் கத்தினேன். "யாருங்க உங்களைக் கேட்டா? மூணு வாரம்! மூணு வாரம் கண்ணு பூத்துப்போக உக்காந்திருந்தேனே!"

"நல்லது செஞ்சாலும் குத்தமா?" என்று முகம் சுண்டிப்போய் நின்றார். நாள் முழுக்க, மதியத் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு அதைச் செய்திருக்கிறார். அதனால் ஆத்திரம் இன்னும் அதிகமானதே தவிரக் குறையவில்லை.

மறுநாள் அந்தப் பெட்டிகளோடுதான் பஸ் ஏறினேன். எடிட்டர் அம்மாள் ஒரு கொத்து அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "அச்சா, அடுக்கினது அழகா இருக்கு. வகை எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வீட்டுக்காரர் சுத்தம் செய்துவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் தாருங்கள் என்று கெஞ்சினேன். அச்சுக்குப் போக வேண்டும், இதே வேலையை இன்னொரு பெண்ணிடமும் கொடுத்திருந்தோம், அவள் முடித்துவிட்டாள் என்றார். தன்மையாகத்தான் சொன்னார். டீ வரவழைத்தார். வெட்கங்கெட்டுப்போய் அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல், "என்னாச்சு?" என்றார்.

"வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க."

சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதை நான் மறுக்க மாட்டேன். ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "வகை வகையாப் பிரிக்கிற வேலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அதுல கையே வச்சிருக்க மாட்டேனே. ஏன் சொல்லல?"

அந்த மூன்று வாரமும் அவருக்குச் சப்பாத்தி போட்டுக்கொண்டே நான் இதைத் தவிர வேறு எதையுமே பேசவில்லை. இந்தச் சொல்லை எந்தக் குவியலில் வைக்கட்டும் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். "ம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு சப்பாத்தி கேட்டார்.