மழை தேய்த்த முகம்

எங்கள் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. அதன்பின் மனைவி அதிகம் கதைப்பதில்லை. சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினெட்டாம் மாடியில் இருந்தோம். வசந்தகாலக் காலைகளில் ஏரியிலிருந்து பனிப்புகார் ஏறிவந்து பல்கனியை மூடிவிடும். கீழே நகரமே இல்லாததுபோல் இருக்கும்.

அப்படியொரு சனிக்கிழமை, நடக்கப் போனவள் பேப்பரில் சுற்றிய ஒரு பொம்மையோடு வந்தாள். சாண் உயரச் சீமெந்துப் பொம்மை. மொட்டைத் தலை, மூடிய கண், கூப்பிய கை. பழைய சாமான் கடையில் வாங்கினாளாம். ஜப்பான் பாணி என்று கடைக்காரர் சொன்னாராம். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் சிறு மேடு மட்டும். அச்சு பிழைத்துவிட்டது என்றேன்.

"இருக்கட்டும். நித்திரை கொள்ளுற மாதிரி இருக்கு" என்றாள். வெறும் பூச்சட்டிகளுக்கு நடுவே அதை வைத்தாள்.

சில வாரங்கள் கழித்துப் பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெண், தன் வீட்டுக்கு மாறி வந்த எங்கள் பார்சலைக் கொண்டுவந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பொம்மையைக் கண்டதும் அப்படியே நின்றார். கிட்டப் போகலாமா என்று கேட்டுப் போய், குனிந்து வணங்கினார்.

பிறகு மெல்ல மெல்ல இங்கிலீசில் சொன்னார். இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போன ஒரு போதிசத்துவரின் உருவமாம் இது. அவருடைய நாட்டில் ஊர்க் கல்தச்சர்கள் கல்லில் கொத்தித் தெருவோரங்களில் நிறுத்துவார்களாம். காலங்காலமாகப் பெய்த மழையில் மூக்கும் உதடும் கரைந்து, கடைசியில் எல்லாம் குழந்தை முகமாகிவிடுமாம். இப்போது பொம்மை வார்ப்பவர்கள் அந்தத் தேய்வையும் சேர்த்தே அச்செடுக்கிறார்களாம்.

யாருக்காக அவர் தெருவில் நிற்கிறார் என்று மனைவி கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினார்.

"பிறக்காமல் போன பிள்ளைகளுக்காக. தனியாகப் போகவிடாமல் கூட்டிக்கொண்டு போவார்."

மனைவி அழவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அங்கே தாய்மார் இவருக்குச் சிவப்புத் தொப்பி பின்னிப் போடுவார்கள் என்று அறிந்ததும், எவ்வளவு பெரிசாகப் பின்னவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் பின்னேரம் சிவப்பு நூலோடு பல்கனியில் இருந்தாள். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"ஓம்."

"பொம்பிளைப் பிள்ளையோ?"

"ஓம். உம்மட நெத்தி."

இத்தனை மாதமும் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். கேட்டால் தாங்கமாட்டாள் என்று நினைத்திருந்தேன். அவள் நூலை மடியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். இருட்டும்வரை எங்கள் மகளைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம்.