மூன்றாம் பாடத்தில் ஒரு நிலநடுக்கம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு தப்பு செய்தேன் — அதுவும் கரும்பலகையில், அடிக்கோடு போட்டு.

உங்களுக்குத்தான் தெரியுமே, ஹந்தானை மலை அடிவாரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் டீச்சர். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் புவித்தகடுகள் பற்றிய பாடம். புத்தகத்தை வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் ஒரு பீங்கான் தட்டில் ஜாம் தடவி, மேலே இரண்டு துண்டு பாண் ரொட்டி வைத்து, ஒன்றை மற்றதன் பக்கம் மெல்லத் தள்ளினேன். ஓரங்கள் முட்டி மேலே எழும்பின.

"இந்தத் துண்டுலதான் நாம இருக்கோம். வருஷத்துக்குச் சில சென்ரிமீற்றர், நகம் வளர்ற வேகத்துல வடக்கே போறோம். எழும்பி நிக்குதே, அதுதான் இமயமலை."

"அப்ப நாம போய்க்கிட்டே இருக்கோமா டீச்சர்?" முன்வரிசைக் கவிதா கேட்டாள்.

"ஆமா. ஆனா பயப்படாதீங்க. நிலநடுக்கம் பெரும்பாலும் தகட்டோட ஓரத்துலதான் வரும். ஓரம் நமக்கு ரொம்ப தூரம்."

பெருமையாக எழுதினேன்: இலங்கையில் நிலநடுக்கம் வராது.

அடிக்கோடு போட்டுக் கையை எடுக்கவில்லை... டம் என்று ஆழத்திலிருந்து ஒரு சத்தம். ஜன்னல்கள் கடகடத்தன. கதிரைகள் நடுங்கின. மூன்று விநாடி இருக்குமா?

வகுப்பே என்னைப் பார்த்தது.

"லொறி," என்றேன். எங்கள் பாதையில் ஓட்டோ ஏறுவதே பெரும்பாடு!

பிறகுதான் புத்தி வந்தது. எல்லோரையும் மேசைக்குக் கீழே போகச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே கவிதா அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மாவும் தம்பிப் பாப்பாவும் மட்டுந்தான் வீட்ல. எங்க தோட்டத்து லய வீட்டுச் சுவர் ஏற்கனவே வெடிச்சிருக்கு டீச்சர்."

அவள் அம்மாவின் எண்ணைக் கேட்டு வாங்கினேன். போனில் அழைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று முறை மணி அடித்தது... எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன்.

"டீச்சரா? ஆமாங்க, ஆடுச்சு. பாப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடி வந்துட்டேன். சுவரு அப்படியேதான் நிக்குது. இவன் இன்னும் முழிக்கல பாருங்க!"

கவிதா அழுதபடியே சிரித்தாள். பார்த்த பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கோ சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல், அதாவது பாறைகளைப் பற்றிய பாடம், படிப்பிக்கும் என் தோழி சாந்தினியைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரி.

"ஓம், இஞ்சயும் ஆடினது. தகடு இமயமலையில போய் முட்டுதெல்லோ? அந்த அழுத்தம் நடுவுக்கும் வரும். பழைய பாறை வெடிப்பு எங்கயாவது கொஞ்சம் வழுக்கினாக் காணும், நிலம் ஆடும்."

"பெரிசா வருமா?"

"அரிது. ஆனா வராதெண்டு எழுதிக் குடுக்கேலாது."

நான் எழுதியே கொடுத்துவிட்டேனே!

வகுப்புக்குத் திரும்பியதும் 'வராது' என்பதை அழித்தேன். 'வரலாம், பெரிதாக வருவது அரிது' என்று எழுதினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். தப்பை அழிப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தெரிந்திருந்தால் எத்தனை வருடங்களுக்கு முன்பே அழிக்கத் தொடங்கியிருப்பேன்?

வெள்ளிக்கிழமைகளில் என் வகுப்பில் பாதிப் பேர் வரமாட்டார்கள். இந்த வெள்ளி ஒரு கதிரைகூடக் காலியில்லை. அடுத்த பாடம் எரிமலை என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.